பெயர் வைக்கும் பாறை

அஞ்செட்டி ரோட்டில் தக்காளி வண்டிகள்
இரண்டாம் கியரில் முனகும் மே மாதம்.
பள்ளிக்கூடத்துக்கு லீவு, எங்களிடம் சாவி.
எட்டு நாள் முகாம். நாற்பத்தாறு பிள்ளைகள்,
கடன் வாங்கிய பாய்கள், இரண்டு மூட்டை ராகி,
தேன்கனிக்கோட்டை டென்ட்காரர் கொடுத்த
ஓட்டை ஷாமியானா.

முதல் நாள் இருட்டியதும்
புதுசாக வந்தவர்களைப் பாறைமேல் ஏற்றுவோம்.
துண்டால் கண்ணைக் கட்டி
தலையில் ஒரு சொம்பு தண்ணீர்.
"பழைய பேர் போச்சு!" என்று கத்துவோம்.
போன இடத்தில் ஒன்று வைப்போம்,
பழசுகள் கூடி முடிவு செய்தது.
விடிந்ததும் அது கரியால்
ஸ்டோர் ரூம் சுவரில் ஏறும்.

நான் ஓணான்.
தொண்ணூற்றாறில் ஏறியவள், இன்னும் இறங்கவில்லை.
கல்யாணப் பத்திரிகையில் யசோதா என்று பார்த்து
யாரிது என்று கேட்டார்கள் கூட்டாளிகள்.
எனக்கு அந்தப் பேர் பிடிக்கும்.
பிடிக்காதவர்களும் சுவரில்தான் இருக்கிறார்கள்.
கீழிருந்து மூன்றாம் வரிசை, ஜன்னல் பக்கம்:
திக்குவாய்.
ராயக்கோட்டைப் பையன். கத்தியது நான்தான்.
எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான்.
அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.
மூன்றாம் நாள் அவன் அப்பா டிவிஎஸ் ஐம்பதில் வந்தார்.
வயிற்றுவலி என்றார்கள்.
அவன் சொந்தப் பேர்
எவ்வளவு யோசித்தும்

இந்த வருஷம் ஏழாவதாக நின்றவள்
உரிகத்துக்கு அந்தப் பக்கத்து மலைக்காரி.
கண்ணைக் கட்ட விட்டாள்.
சொம்பைத் தூக்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
"என் பேர் ஹொன்னம்மா.
ஸ்கூல்ல பொன்னம்மான்னு எழுதிக்கிட்டாங்க.
ரெண்டும் ஒண்ணுதானேன்னாங்க.
ஒரு தடவை குடுத்தாச்சு அக்கா.
மிச்சம் இதுதான்."

யாரும் கத்தவில்லை.
அடுப்பில் களி மட்டும்
பொதக், பொதக் என்று பேசிக்கொண்டிருந்தது.

ராத்திரி பெரியவர்கள் உட்கார்ந்தோம்.
"முப்பது வருஷப் பழக்கம்" என்றான் திம்மராஜ்.
சுவரில் அவன் புளிமூட்டை.
"எங்க வீட்டுல என்னைக் கூப்பிட்டதுக்கு
புளிமூட்டை எவ்வளவோ மரியாதை.
இங்கதான் ஒரு ஆளானேன்.
அதையும் தப்புன்னு சொல்லப் போறியா, ஓணான்?"
இல்லை என்றேன்.
அதற்குமேல் என்னிடம் பதில் இல்லை.
ஒரு மணிவரை பேசினோம். கொசு ஜெயித்தது.

மறுநாள் அதே பாறை, அதே சொம்பு.
துண்டு இல்லை.
அவரவர் பேரை அவரவர் சொல்ல வேண்டியது,
சொன்னவர் தலையாட்டும்வரை
நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டியது.
"சப்புன்னு இருக்கு" என்றான் ஒரு பத்தாம் வகுப்பு.
இருந்தது. ஆறு பேர்வரைக்கும்.

ஒன்னம்மா, என்றோம். தலை ஆடவில்லை.
கொன்னம்மா, என்றது ஒரு குரல். அவளே சிரித்துவிட்டாள்.
சோப்புநுரையை ஊதுகிற மாதிரி
மூச்சை முன்னால் விட வேண்டும் என்று காட்டினாள்.
நாற்பத்தைந்து பேர் இருட்டில் ஊதினோம்.
ஹொ. ஹொ. ஹொ.
ஷாமியானா ஓட்டையில் இருந்த பல்லி ஓடிப்போனது.
பதினோராம் தடவை தலையாட்டினாள்.
பிறகு கேட்டாள்: "தண்ணி இல்லையா?"
ஊற்றியது திம்மராஜ்.
வெக்கைக்கு இரண்டாவது சொம்பும் கேட்டாள்.
அதற்குப் பிறகு பழசுகளும் வரிசையில் நின்றார்கள்,
பேர் சொல்ல இல்லை, குளிக்க.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்றார்கள்.
வேண்டாம் என்றேன்.
ஜன்னல் பக்கத்து ஒன்றை மட்டும்
அழிக்கலாம் என்று ஈரத்துணியோடு போய் நின்றேன்.
அழித்தால்
அவன் வந்து போனதற்கு வேறு தடயமில்லை.

பழைய ரசீதுக் கட்டுகள்
தலைமையாசிரியர் அறைப் பரணில் இருக்கலாமாம்.
ஏணி கேட்டிருக்கிறேன்.
தொண்ணூற்றெட்டு, மே, ராயக்கோட்டை,
முகாம் கட்டணம் ரூபாய் இருபத்தைந்து,
பெற்றுக்கொண்டோம்
யாரிடமிருந்து.